பெயர் ஒட்டாத கேன்

அந்த வீட்டு முகப்பில் ஆள் உயரத்துக்கு ஒரு பெல்ஜியம் கண்ணாடி இருக்கிறது. தேக்குச் சட்டம், மேலே கஜலட்சுமி, ஓரங்களில் ரசம் போய்க் கறுத்த திட்டுகள். போன தை மாசத்திலிருந்து அதன் அடிப்பக்கத்தில், தரைக்கு ஒரு சாண் மேலே, மிளகு அளவில் நாலைந்து வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. துணி போட்டுத் துடைத்தால் போகாது. நகத்தால் தடவினால் சொரசொரவென்று தட்டுப்படும். அழுக்கு ஒட்டியிருந்தால் சுரண்டி எடுத்துவிடலாம். இது கண்ணாடியே அரித்துப்போன இடம்.

என் அக்கா மகனின் விரல்கள் இன்று பிழைத்திருப்பது அந்தப் புள்ளிகளால்தான்.

செட்டிநாட்டில், கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊர் அது. வீட்டு விலாசம் வேண்டாம். அப்பா அந்த வீட்டை 31 வருஷம் பார்த்துக்கொண்டார். வீட்டுக்காரர்கள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். கல்யாணம், படைப்பு என்றால் வருவார்கள். மற்ற நாளெல்லாம் சாவிக்கொத்து அப்பா இடுப்பில் கிடக்கும். பள்ளிக்கூட லீவு விட்டால் அக்காவும் நானும் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில்தான் கிடப்போம். ஆத்தங்குடிக் கல்லில் குப்புறப் படுத்துக்கொண்டு பாடம் படித்தது இன்னும் வயிற்றில் குளிர்ச்சியாக நினைவிருக்கிறது.

கம்பளங்களை அப்பா வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே எடுப்பார். மழை விட்டு, தை பிறந்து, வெயில் கொஞ்சம் ஏறியதும் நாலு ஆள் சேர்ந்து ரத்தினக் கம்பளத்தை இரண்டாம் கட்டு முற்றத்துக்குத் தூக்கி வருவார்கள். கயிற்றுக் கட்டில்களின் மேல் கவிழ்த்துப் போட்டு, பிளந்த மூங்கிலால் அடிப்பார்கள். ஒவ்வொரு அடிக்கும் புகைபோலத் தூசி எழும்பும். முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்ட பூந்திக்கொட்டையைக் கசக்கி, தண்ணீரை விட்டுவிட்டு நுரையை மட்டும் வழித்தெடுத்து, பழைய வேட்டித் துணியில் தொட்டு, நெசவு போகிற பக்கமாகவே துடைப்பார்கள். நிழலில் காய இரண்டு நாள் ஆகும். "கம்பளிக்கு அவசரம் ஆகாதும்மா" என்பார் அப்பா.

பழைய முறை எல்லாமே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. காய்ந்த கம்பளத்தைச் சுருட்டும்போது உள்ளே டிடிடி பவுடரைக் கை நிறைய அள்ளித் தூவியவரும் அதே அப்பாதான். மூக்கில் துண்டுகூடக் கட்டமாட்டார். சுருட்டிய பின் நாலு மூலையிலும் அந்துருண்டை. அந்துருண்டை நாப்தலீன். பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள கைக்குழந்தைகளுக்கு அதன் ஆவியே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலை கொண்டுவந்துவிடும். பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்த துணியை உதறி வெயிலில் போடாமல் பச்சைக் குழந்தையைச் சுற்றக்கூடாது என்பது அதனால்தான். இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியாது. சொல்ல ஆளும் இருக்கவில்லை.

அப்பாவுக்கு முட்டி போன பிறகு அந்த வேலை நின்றது. போன தை மாசம் அந்த வீட்டில் கல்யாணம் வந்தது. வீட்டுக்கார ஆச்சி சென்னையிலிருந்தே டவுன் கம்பெனி ஒன்றிடம் ஒப்பந்தம் பேசிவிட்டார்: தரை, தூண், கண்ணாடி, கம்பளம் எல்லாம் மூன்று நாளில். அந்தக் கம்பெனியில்தான் அக்கா மகன் வேலை பார்க்கிறான். வயசு 22. பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவன், ஒன்றரை வருஷமாக இதில் இருக்கிறான். தாத்தா பார்த்த வீட்டுக்கே வேலைக்குப் போகிறோம் என்று அவனுக்குச் சந்தோஷம்.

மாடிக் கூடத்துக் கம்பளத்தை இரும்புப் பெட்டியின் மேல் வருஷக்கணக்காகச் சுருட்டி வைத்திருந்ததில் மூன்று இடத்தில் துரு இறங்கியிருந்தது. செம்மண் நிறத்தில் உள்ளங்கை அகல வட்டங்கள். சூப்பர்வைசர் வேனிலிருந்து ஒரு ஐந்து லிட்டர் வெள்ளைக் கேனை எடுத்துக் கொடுத்திருக்கிறார். லேபிள் கிழிந்து பசை மட்டும் ஒட்டியிருந்த கேன். அதற்கு அவர்களிடையே வழங்குகிற பெயர் 'துருத் தண்ணி'. முகப்பில் கண்ணாடிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, பழைய தண்ணீர் பாட்டிலில் அதை ஊற்றிப் பிரித்திருக்கிறான். தலைக்குச் சாயம் பூசுகிற இடத்தில் போடுவார்களே, அந்த மாதிரி மெல்லிய கையுறை. வலது கட்டைவிரல் நுனியில் கிழிசல். தளும்பியதில் நாலு சொட்டு கண்ணாடியில் தெறித்தது. அப்போது யாரும் துடைக்கவில்லை. பிறகு மாடிக்குப் போய், முட்டி போட்டு, பிரஷ்ஷில் தொட்டுத் துருவைத் தேய்த்தான். துரு பால்போல வெளுத்துப் போனது. எல்லாரும் மெச்சினார்களாம்.

கையில் எரிச்சல் இல்லை, சிவப்பு இல்லை, கொப்புளம் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்குக் கை கழுவிவிட்டு வீட்டுக்குப் போனான். எட்டு மணிக்குச் சோற்றில் கை வைக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விண்ணென்று தெறித்திருக்கின்றன. பத்து மணிக்கு அழ ஆரம்பித்துவிட்டான். அக்கா அவனை ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வெளியே ஒன்றும் தெரியவில்லை, அலர்ஜியாக இருக்கும் என்று வலிக்கு ஓர் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். அங்கே யாரும் "என்ன வேலை பார்க்கிறாய்?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவனிடம் இருந்த பதில் 'துருத் தண்ணி' என்பது மட்டும்தான்.

எனக்குப் போன் வந்தது விடியற்காலை நாலரைக்கு.

"சித்தி, மேல ஒண்ணுமே இல்ல சித்தி. உள்ளுக்குள்ள எலும்பையே யாரோ குடையிற மாதிரி இருக்கு."

நான் பிளஸ் டூவுக்கு வேதியியல் நடத்துகிறேன். 'மேலே ஒன்றுமில்லை, எலும்பில் வலி' என்ற வார்த்தை எனக்குள் எங்கோ இடித்தது. ஆனால் உடனே பிடிபடவில்லை. என்னென்ன தொட்டாய், எதற்குப் போட்டீர்கள், எங்கே வைத்துப் பிரித்தாய் என்று கேட்டுக்கொண்டே போனேன். முனகிக்கொண்டே சொன்னான். நடுவில், "கண்ணாடியில தெறிச்சது மட்டும் எவ்வளவு தேச்சாலும் போகல சித்தி, ஆச்சி வந்தா திட்டுவாங்க" என்றான்.

ஹாலஜன் பாடத்தில் வருஷா வருஷம் நடத்துகிற வரி அது. கண்ணாடியில் இருப்பது சிலிக்கா. ஹைட்ரோபுளோரிக் அமிலம் சிலிக்காவைத் தின்னும். ஆகவே அதைக் கண்ணாடிப் புட்டியில் வைக்கமாட்டார்கள். எத்தனையோ பிள்ளைகளுக்கு இதை இரண்டு மதிப்பெண் கேள்வியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பக்கத்துத் தெருவில் சிக்ரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சார் ஒருவர் இருக்கிறார். காரைக்குடியில் 1953-ல் திறந்த அந்த மின்வேதியியல் ஆய்வகத்தில் உலோக அரிப்பைப் பற்றியே காலம் முழுக்க வேலை செய்தவர். கதவைத் தட்டி எழுப்பினேன். நான் பாதி சொல்வதற்குள், "புளோரைடும்மா. துரு எடுக்கிறதுல அந்த அமிலமோ அம்மோனியம் பைபுளோரைடோ போடுவாங்க. ஓடு, கால்சியம் குளுக்கோனேட்டுன்னு டாக்டர்கிட்ட சொல்லு" என்றார்.

இந்த அமிலம் வேறு மாதிரி வேலை செய்யும். ஹைட்ரோகுளோரிக் அமிலமோ சல்பூரிக் அமிலமோ பட்டால் தோல் வெந்து அந்த இடத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். புளோரைடு தோலை ஊடுருவி உள்ளே இறங்கி, சதையிலும் எலும்பிலும் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. 20 சதவீதத்துக்குக் கீழே நீர்த்திருந்தால் வலி தெரியவே 24 மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை ஆள் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். அதிகம் பட்டுவிட்டால் ரத்தத்தில் கால்சியம் இறங்கி இதயத் துடிப்பே தாறுமாறாகும். வெளியில் தெரிகிற காயத்துக்கும் உள்ளே நடக்கிற சேதத்துக்கும் சம்பந்தமே இருக்காது.

பெரிய ஆஸ்பத்திரியில் அன்றைக்கு இருந்த டூட்டி டாக்டருக்கு 30 வயசுகூட இருக்காது. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். அந்த ஒரு காரியத்துக்காகவே அவரை நான் மறக்கமாட்டேன். குழாய்த் தண்ணீரில் மறுபடி கையை நீட்டச் சொன்னார். இதற்கென்று தயாராக விற்கிற களிம்பு அங்கே இருக்கவில்லை. அவர் ஊசிக்கு வைத்திருந்த கால்சியம் குளுக்கோனேட்டை ஸ்கேன் எடுக்கும்போது தடவுவது போன்ற வழவழ ஜெல்லியில் கலந்தார். அதை ஒரு ரப்பர் கையுறைக்குள் நிரப்பி, அந்தக் கையுறைக்குள் பையனின் கையை விடச் சொன்னார். விரல்கள் எல்லாம் ஜெல்லியில் மூழ்கின. இன்னொரு பக்கம் ஈசிஜி எடுத்தார்கள், ரத்தத்தில் கால்சியம் பார்த்தார்கள். மரத்துப்போக ஊசி போடக்கூடாதா என்று அக்கா கெஞ்சினாள். "வேண்டாம்மா. வலி குறையிறதை வச்சுத்தான் மருந்து போய்ச் சேருதான்னு நான் தெரிஞ்சுக்கணும்" என்றார். அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பையன் மூச்சை மெதுவாக விட்டான். அக்கா அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

கட்டைவிரல் நகம் பின்னால் விழுந்தது. இப்போது முளைத்திருப்பது கொஞ்சம் கோணல். விரல் மடங்குகிறது, சட்டைப் பித்தான் போட முடிகிறது.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை உட்காரவைத்து, வேனில் வேறென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கேட்கக் கேட்க எனக்குக் கோபம்தான் வந்தது. எண்ணெய்க் கறைக்கு ஒரு 'ஸ்பாட்டர்'. இனிப்பு வாடை அடிக்கும், கொஞ்ச நேரத்தில் தலை கிறங்கும் என்றான். லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். பெர்குளோரோஎத்திலீன். ட்ரை கிளீனிங் கடைகளில் பல காலமாக ஓடுகிற கரைப்பான். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாகக் கருதப்படுபவற்றின் 2ஏ பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 2024 டிசம்பரில் இதன் பெரும்பாலான பயன்பாடுகளை விலக்குவதற்கு விதி கொண்டுவந்தார்கள். ட்ரை கிளீனிங்குக்குப் பத்து வருஷ அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். இதன் ஆவி காற்றைவிட ஐந்து மடங்குக்கு மேல் கனம். தரையோடு தரையாகத் தேங்கும். கம்பளம் தேய்க்கிறவர் முட்டி போட்டு, மூக்கைக் கம்பளத்துக்கு ஒரு முழம் மேலே வைத்துக்கொண்டுதான் வேலை பார்க்கிறார். துணி மாஸ்க் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி அடைத்த வடிகட்டி வேண்டும்.

செட்டிநாட்டு வீடு காற்றுக்காகவே கட்டியது. முகப்பில் நின்றால் கொல்லை தெரிகிற மாதிரி வாசலுக்கு நேர் வாசல், நடுவில் திறந்த முற்றம். ஆனால் வளவைச் சுற்றியுள்ள அறைகள் அப்படியில்லை. கனத்த சுவர், ஒரே கதவு, பெரும்பாலும் ஜன்னல் பெயருக்குத்தான். நகையும் பாத்திரமும் வைக்கக் கட்டிய அறைகள். இப்போது அவற்றில் ஏசி மாட்டிப் படுக்கையறை ஆக்கியிருக்கிறார்கள். சுவரோடு சுவராகக் கம்பளம் ஒட்டியிருக்கிறார்கள். அந்த அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்பாட்டர் தேய்க்கச் சொன்னால் உள்ளே இருக்கிறவன் கதி என்ன?

இன்னொரு கேனில் கனமான கிரீஸ் எடுக்கிற திரவம், அதில் பியூட்டாக்சிஎத்தனால். கண்ணையும் தொண்டையையும் அறுக்கும், தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். மெல்லிய கையுறை கிழிந்தால் அவ்வளவுதான்.

ஷாம்புவைப் பற்றிச் சொன்னால் நிறையப் பேர் நம்பமாட்டார்கள். அதில் பயங்கரமான எதுவும் இல்லை, வெறும் சோப்புச் சரக்கு. ஆனால் சொன்ன அளவுக்குத் தண்ணீர் சேர்க்காமல் போட்டு, சரியாக அலசி உறிஞ்சாமல் விட்டால், காய்ந்ததும் நாருக்கு நடுவே மெல்லிய பொடியாகத் தங்கும். மேலே நடக்க நடக்க அது கிளம்பி இருமலையும் தொண்டை எரிச்சலையும் கொண்டுவரும். அமெரிக்காவில் ஓர் அலுவலகத்திலும் ஒரு குழந்தைகள் காப்பகத்திலும் இப்படி நடந்ததை 1982-லேயே எழுதிவைத்திருக்கிறார்கள். கல்யாண வீட்டில் அந்தப் பொடியின் மேல் தவழப்போவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் பிளீச். வெளுக்கிறதே என்று எல்லாவற்றிலும் ஊற்றுகிறார்கள். ஒரு சோதனையை என் வகுப்பில் செய்து காட்டினேன். கம்பளத்தின் ஓரத்திலிருந்து உதிர்ந்த ஒரு விரல் நீளக் கம்பளி நூலைக் கடையில் வாங்கிய பிளீச்சில் போட்டு, ஜன்னலோரம் வைத்தேன். முதலில் சிவப்பு மஞ்சளானது. பிறகு நூலைச் சுற்றி நுண்ணிய குமிழ்கள். பாடம் முடிவதற்குள் நூல் சளிபோலக் குழைந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் கரைந்துபோனது. பக்கத்து முகவையில் போட்ட பருத்தி நூல் அப்படியே கிடந்தது. பவானி ஜமுக்காளம் பருத்தி. பிளீச்சில் சாயம் போனாலும் நூல் உடனே போகாது. ரத்தினக் கம்பளம் ஆட்டு ரோமம். நம் தலைமுடி எந்தப் புரதமோ அதே புரதம். பிள்ளைகள் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும், "டீச்சர், அப்ப நம்ம மூச்சுக்குழாய்ல பட்டா?" என்று கேட்டாள்.

அதே பிளீச்சை, குளியலறைக்குப் போடுகிற ஆசிட்டோடு ஒரே வாளியில் கலந்தால் குளோரின் வாயு வரும். இது கம்பெனிக்காரர்களுக்கு மட்டும் சொல்வது இல்லை; வீட்டில் நாமே செய்கிற தவறு. அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கிற திரவத்தோடு பிளீச் சேர்ந்தாலும் மூச்சுமுட்டும் வாயுதான். ஆசிட் தனியாகப் போனால் தரையைத் தின்னும். ஆத்தங்குடிக் கல் சிமெண்டும் மணலும் வண்ணப் பொடியும். கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்ததால் வந்த வழவழப்பு அது. அப்பா அதற்குத் தண்ணீரும், எப்போதாவது தேங்காய் எண்ணெய் தொட்ட துணியும் தவிர எதையும் காட்டியதில்லை. மூன்று நாள் வேலையில் வளவின் ஒரு மூலையில் இருபது கல்லுக்கு மேல் பூ மங்கிவிட்டது.

கம்பெனியிடம் போய்ப் பேசினேன். "ரெண்டு வருஷமா இதையேதான் யூஸ் பண்றோம் மேடம், யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல" என்றார்கள். எனக்கு வேண்டியது அந்தக் கேனின் பாதுகாப்புத் தரவுத் தாள் மட்டும். ஆபத்தான ரசாயனத்தோடு கூடவே வர வேண்டிய தாள் அது. 16 பிரிவு இருக்கும். நாலாவது பிரிவில் முதலுதவி, எட்டாவதில் எந்தக் கையுறை, எந்த முகமூடி என்று எழுதியிருக்கும். அவர்களிடம் இல்லை. மொத்தக் கடையில் பீப்பாயிலிருந்து ஊற்றி வாங்கியதாம். கடையில் கேட்டேன், அங்கேயும் இல்லை.

1984 டிசம்பரில் போபாலில் விடியவிடிய ஆஸ்பத்திரிக்கு வந்து குவிந்தவர்களுக்கு, கசிந்தது என்ன வாயு, அதற்கு என்ன வைத்தியம் என்று சரியாகத் தெரியாமலே டாக்டர்கள் மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, ஆபத்தான பொருளைப் பற்றித் தொழிலாளிக்குச் சொல்லியாக வேண்டும் என்று சேர்த்தார்கள். அந்த வரி தொழிற்சாலைக்கு எழுதியது. ஒரு வேன், நாலு பையன்கள், ஆறு கேன் என்று ஊர் ஊராகப் போகிறவர்களை நினைத்து யாரும் எழுதவில்லை.

ஆச்சியிடம் நடந்ததைச் சொல்லப் போனபோது எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். துரு இருந்த மூன்று இடத்திலும் கம்பளம் மொரமொரத்து, விரல் பட்டால் ஓட்டை விழுகிற நிலையில் இருந்தது. ஆச்சி கம்பளத்தைப் பார்க்கவே இல்லை. "பையன் கை எப்படிடி இருக்கு?" என்றார். பிறகு, "நான் விலை கேட்டேன், நாள் கேட்டேன், கேன்ல என்னன்னு கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்லையே" என்றார். எனக்கும் தோன்றியிருக்காது ஆச்சி என்று சொன்னேன். பொய்யில்லை.

ஆகவே இதைப் படிக்கிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டுக்கு ஆள் வந்து கேனை இறக்கும்போது, லேபிளைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லேபிள் இல்லாத கேனை வாசலிலேயே நிறுத்துங்கள். ஒப்பந்தம் ரத்தானால் ஆகட்டும். துரு போக்குகிற எதையாவது தொட்ட பிறகு விரலில் வலி என்று யார் சொன்னாலும், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும், தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். 'புளோரைடாக இருக்கலாம்' என்ற வார்த்தையை டாக்டர் காதில் போடுங்கள். வேலை செய்கிற பையன்களுக்கு மோர் கொடுக்கிறோம், சாப்பாடு போடுகிறோம். அதோடு கதவு ஜன்னலைத் திறந்து, ஒரு ஃபேனை வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பி வையுங்கள்.

அக்கா மகன் இன்னும் அந்த வேலையில்தான் இருக்கிறான், வேறு கம்பெனியில். விட்டுவிடச் சொன்னேன், வீட்டு நிலைமை அப்படியில்லை. தடித்த நைட்ரைல் கையுறை இரண்டு ஜோடி நானே வாங்கிக் கொடுத்தேன். கேன்களில் எழுத ஒரு பர்மனென்ட் மார்க்கரை எப்போதும் பையில் வைத்திருக்கிறான். போன வாரம் பள்ளத்தூரில் ஒரு வீட்டிலிருந்து, நான் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தபோது கூப்பிட்டான்.

"சித்தி, புதுசா ஒரு கேன் குடுத்திருக்காங்க. சின்ன எழுத்துல இருக்கு, எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். அம்... மோனியம்... பை..."

"போதும். மூடி இறுக்கமா இருக்கா?"

"இருக்கு சித்தி."

"கையுறையக் கழட்டாம தூக்கிட்டுப் போய் வெளியில வை. சூப்பர்வைசர்கிட்ட போனைக் குடு."